பெயர் சொல்லாமல் எழுது

தம்பி,

உன் கடிதம் வந்து நாளாகிறது. நான் பதில் போடவில்லை என்று அம்மாவுக்குத் தனியாக ஒரு கார்டு எழுதி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. காலையில் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன், வந்து உன் அம்மாவிடம் காப்பி ஆறிவிட்டது என்று சண்டை போடுகிறேன், எல்லாம் வழக்கம்போலத்தான் நடக்கிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே கை நின்றுவிடுகிறது. அதற்குக் காரணம் நீ கேட்ட கேள்வி இல்லை. கேள்விக்குக் கீழே விளையாட்டாக எழுதியிருந்தாயே, அந்த இரண்டு வரி.

கேள்வி நல்ல கேள்விதான். நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்த கையோடு வர்ணனைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறாய். 'மழைநாள்' என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பே ஒரே மழையை எழுதி வைத்திருக்கிறது: வானம் கறுத்தது, மயில் ஆடியது, உழவர் மனம் மகிழ்ந்தது. உங்கள் ஊரில் மயிலை எவன் பார்த்தான் என்று கேட்டிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். "பஸ்ஸில் பார்க்கிற பழைய பிள்ளைகள் எல்லாம், உங்கப்பா கட்டுரை வகுப்பு மாதிரி வருமா என்கிறார்கள். அப்படி என்னதான் செய்தீர்கள்?" என்றும் கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கலியன் மாமா சின்ன வயதில் கட்டுரை எழுதி அம்மா கல்யாணத்தைக் கெடுத்த கதையை வகுப்பில் சொல்லலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகள் நன்றாகச் சிரிப்பார்கள்" என்று கீழே எழுதியிருக்கிறாய். சொல்லாதே. அந்தக் கதையில் பாதியைத்தான் நீ கேட்டிருக்கிறாய். மீதிப் பாதியை இத்தனை வருஷமாக நான் விழுங்கிக்கொண்டிருந்தேன். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன் கேள்விக்கு அதைச் சொல்லாமல் பதில் சொல்லவும் முடியாது. நான் செய்த நல்ல வேலையும் நான் செய்த பாவமும் ஒரே வகுப்பில் நடந்தவை.

பிரெஞ்சுக்காரன் போவதற்கு முன்னால், பாகூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். அங்கே வர்ணனைப் பாடம் என்றால் சுவரில் ஒரு பெரிய வண்ணப்படம் மாட்டுவோம். படத்தில் ஒரு கிராமம். கூரையெல்லாம் பனி, புகைபோக்கியில் புகை, கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள் பனியை உருட்டி விளையாடுவார்கள். நம் பிள்ளைகள் முதுகில் வியர்வை ஒழுக நின்றுகொண்டு, 'ஆகா, என்ன குளிர்' என்று பிரெஞ்சில் ஒப்பிப்பார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு ஊர் கைமாறியது. கொடி மாறியது. 'முசியே' என்று கூப்பிட்ட பிள்ளைகள் 'சார்' என்று கூப்பிடப் பழகின. என்னைத் தமிழ்க் கட்டுரை வகுப்புக்கு மாற்றினார்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்த வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அப்பா இறந்து, உன் பாட்டி என் கையை நம்பி இருந்தாள். நான் பயந்துபோயிருந்தேன். அது வெளியே தெரியாமல் இருக்கத் தினமும் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவேன்.

தமிழ் வகுப்பிலும் முதலில் அதே படத்தைத்தான் மாட்டினேன், வேறு படம் இல்லை. பிள்ளைகள் பனியைத் தமிழில் எழுதினார்கள். ஒரு நாள் ஒரு பையன் எழுந்து, "சார், அந்தப் புகை வருதே, அந்த வூட்ல இன்னா சார் சமைக்கிறாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பிரெஞ்சுக் கிராமத்தில் மத்தியானம் என்ன சமைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? "நீ வாயை மூடிக்கொண்டு எழுது" என்றேன். அன்று சாயங்காலம் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கேட்டவன் உன் கலியன் மாமாதான். ஏழாம் வகுப்பு. பல் கொஞ்சம் தூக்கலாக, எதையும் உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பான். அப்போது அவன் எனக்கு ஒரு மாணவன், அவ்வளவுதான். அவனுக்கு அஞ்சலை என்று ஒரு அக்கா இருப்பது எனக்குத் தெரியாது. அவள் உன் அம்மா ஆவாள் என்பது யாருக்குமே தெரியாது.

இனி என் முறையைச் சொல்கிறேன், எடுத்துக்கொள். முதலில் சில சொற்களைப் பிடுங்கிக்கொள். 'அழகு', 'இனிமை', 'மிக', 'கண்கொள்ளாக் காட்சி' இதெல்லாம் வகுப்புக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிடு. பிள்ளைகள் கொஞ்ச நேரம் நீச்சல் தெரியாதவர்கள்போல் தவிப்பார்கள், தவிக்கட்டும். பிறகு ஆளுக்கு ஒரு பொருளைக் கையில் கொடு. நான் நத்தைக் கூடு கொடுத்தேன், பனங்கொட்டை கொடுத்தேன், உடைந்த சட்டி ஓடு கொடுத்தேன். முகர்ந்து பார், தட்டிப் பார், கன்னத்தில் வைத்துப் பார், அப்புறம் எழுது. ஆனால் பெயரைச் சொல்லாமல் எழுது. அதுதான் விளையாட்டு. ஒருவன் எழுதியதை எழுந்து படிப்பான், மற்றவர்கள் அது என்னவென்று கண்டுபிடித்துக் கத்த வேண்டும். கத்திவிட்டால் எல்லாரும் கைதட்ட வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் எழுதியவன் மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டும். கூரை பறக்கிற மாதிரி சத்தம் வரும். பக்கத்து வகுப்பு வாத்தியார் சண்டைக்கு வருவார், வரட்டும். ஒரு பெண், "கறுப்பா இருக்கும், ஒரு பக்கம் தூக்கி இருக்கும், கோவம் வந்தா ஆடும்" என்று படித்தாள். வகுப்பு மொத்தமும் என் மீசையைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்துக் கைதட்டினேன். என் வாத்தியார் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான்.

புதிய கல்வி அதிகாரி ஒருவர் ஆண்டு விழாவுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. எந்த வாத்தியார் தேறுவார், எவர் தேறமாட்டார் என்று பார்க்கத்தான் வருகிறார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். விளையாட்டை மேடையில் நடத்திக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் சொந்தமாக எழுதியதைப் படிப்பார்கள், ஊர் கண்டுபிடிக்கும், அதிகாரி அசந்துபோவார். பொருளை எழுதினால் போதாது, மனிதரை எழுதிக் காட்டினால்தான் பெரிய வித்தை என்று எனக்கு ஆசை வந்தது. 'உன் வீட்டில் ஒருவரைப் பெயர் சொல்லாமல், உறவு சொல்லாமல் எழுது' என்றேன். கலியன் கொண்டுவந்தது, "எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவர் மிக நல்லவர். நன்றாகச் சமைப்பார்" என்று சப்பென்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் இவனைத்தான் நம்பியிருந்தேன்.

பள்ளி விட்ட பிறகு அவனை நிறுத்திவைத்துக் கேட்டேன். யாரடா அது? "அக்கா சார்." நல்லவள் என்றால் என்ன பார்த்தாய்? விழித்தான். சரி, நீ கூப்பிட்டால் எப்படித் திரும்புவாள், செய்து காட்டு என்றேன். எழுந்து நின்று, கழுத்தை மட்டும் திருப்பாமல், பாதத்திலிருந்து முழு உடம்பும் திரும்பிக் காட்டினான். ஏன் அப்படி? "தெர்ல சார், அது அப்புடித்தான் திரும்பும்." தெருவில் எப்படி நடப்பாள்? "எப்பவும் அம்மாவுக்கு இந்தாண்ட பக்கம்தான் நடக்கும்" என்று இடது கையை நீட்டிக் காட்டினான். தூங்கும்போது? யோசித்தான். முகம் மலர்ந்தது. "ஒரு பக்கம் படுத்தா இடி இடிச்சாகூட எழுந்திருக்காது சார். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துச்சுன்னா பூனை நடந்தாகூட எழுந்துக்கும்." அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, தம்பி. அந்தப் பெண்ணுக்கு இடது காது கேட்காது. அவனுக்கு அது புரியவில்லை. கூடவே பிறந்து வளர்ந்தவனுக்கு அவள் அப்படித்தான் இருந்தாள். அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அவனிடம் சொல்லவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அவள் சமாளித்திருந்தாள்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அவன் அக்காவுக்கு நெட்டப்பாக்கம் பக்கம் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். தை பிறந்ததும் நிச்சயத் தாம்பூலம். கலியனே வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருந்தான். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், "டேய், இதையெல்லாம் எழுது, ஒன்றையும் விடாதே" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுத வைத்தேன். தூங்கும் வரியை நடுவில் வைத்திருந்தான். அதைக் கடைசிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வைத்தவன் நான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தவன் பேனாவை மூடிவிட்டு, "சார், இது வேணாம் சார். அக்காவுக்குப் புடிக்காது. நான் எங்க வூட்டுப் பசுவ எழுதிக்கினு வரேன்" என்றான். அவனுக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு உறுத்தியது எனக்கு உறுத்தவில்லை. "பசுவை எவன் வேண்டுமானாலும் எழுதுவான். நான் சொன்னபடி செய்" என்றேன்.

விழா அன்று பள்ளி முற்றத்தில் பந்தல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். ஊர் வேட்டையாடுகிற உற்சாகத்தோடு 'கிணறு', 'வண்டி மாடு', 'எங்க தாத்தன்' என்று கத்தியது. அதிகாரி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். கடைசியில் கலியன் வந்தான். அவன் படித்தது எனக்கு இன்றும் மனப்பாடம்:

"எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், பாதத்திலிருந்து முழுதாகத் திரும்புவார். பால் பொங்கும் சத்தத்துக்கு ஓட மாட்டார், மூடி ஆடுவதைப் பார்த்து ஓடுவார். சந்தைக்குப் போகும்போது எப்போதும் அம்மாவுக்கு ஒரே பக்கத்தில்தான் நடப்பார். தலை மைனாவைப்போல் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இடி இடித்தாலும் எழ மாட்டார், மறுபக்கம் படுத்தால் பூனை நடந்தாலும் எழுந்துவிடுவார். நான் பேசும்போது என் வாயையே பார்ப்பார். என் பேச்சை வேறு யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை."

பெண்கள் பக்கத்திலிருந்து வெளியூர்க்காரி ஒருத்தி, பேரன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவள், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எல்லாருக்கும் முந்திக் குரல் கொடுத்தாள். "அய்ய, அதுக்கு ஒரு காது கேக்காது!" அந்த மூச்சிலேயே பிள்ளைகள் சேர்ந்து கத்தினார்கள், "கலியன் அக்கா! அஞ்சலை அக்கா!" விளையாட்டின் விதிப்படி கைதட்டு எழுந்தது. முதலில் தட்டியவர் அதிகாரி. பிறகு கைதட்டு ஒவ்வொரு இடமாக நின்றுபோனது, எல்லாருக்கும் விளங்க ஆரம்பித்துவிட்டது. கடைசிவரை தட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். அது உன் அம்மா. பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. தன் தம்பி படித்ததற்கு ஊரே கைதட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி தட்டிக்கொண்டிருந்தாள். நான் முதன்முதலாக அவளைப் பார்த்தது அப்போதுதான்.

குரல் கொடுத்த அந்த அம்மாள் மாப்பிள்ளைக்கு அத்தை முறை. வேண்டுமென்று செய்யவில்லை பாவம், அவளும் விளையாட்டைத்தான் விளையாடினாள். வாரம் முடிவதற்குள் அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. காது கேட்காததுகூடப் பெரிதில்லை, மறைத்தார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது. மறுநாள் காலை கலியனின் அப்பா, உன் தாத்தா, பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அடித்திருக்கிறார், கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. தலைமையாசிரியரும் மற்ற வாத்தியார்களும் நின்றிருந்தார்கள். "ஐயா, இவன் சொல்றான், நீங்கதான் கேட்டுக் கேட்டு எழுதச் சொன்னீங்களாம், இவன் வேணாம்னு சொன்னானாம். நெசமா ஐயா? நீங்க சொல்லுங்க, நான் உங்களத்தான் நம்புவேன்" என்றார். அதிகாரி விழா முடிந்த கையோடு என்னைப் பாராட்டி எழுதிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகளின் சொந்த எழுத்து, ஆசிரியர் கை படாத எழுத்து என்று பாராட்டியிருந்தார். நான் சொன்னேன்: "எழுத்துப் பிழை மட்டும்தான் நான் திருத்தினேன். மீதியெல்லாம் அவன் எழுதியது."

கலியன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் அழவில்லை. வகுப்பில் பொருளைக் கையில் கொடுத்தால் எப்படிப் பார்ப்பானோ, அப்படி என் முகத்தைப் பார்த்தான். எனக்கு நெற்றி வியர்த்திருக்கும், மீசை ஆடியிருக்கும். என்ன கண்டானோ தெரியவில்லை. அப்பாவிடம் திரும்பி, "ஆமாப்பா. நானேதான் எழுதுனேன். சாருக்குத் தெரியாது" என்றான். அவர் எல்லார் முன்னாலும் அவனை மறுபடி அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றோடு அவன் படிப்பு முடிந்தது. அடுத்த வாரம் கரும்பு வெட்டுகிற ஆட்களோடு அவன் போவதைப் பார்த்தேன். நான் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிவிட்டேன்.

மீதிக் கதை நீ கேட்டு வளர்ந்ததுதான். அஞ்சலைக்கு வேறு வரன் வரவில்லை. நான் போய்ப் பெண் கேட்டேன். நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்றேன். ஊர் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. 'செவுட்டுப் பொண்ணக் கட்டிக்கினு வாழ்வு குடுத்த மகராசன்' என்று என் காதுபடவே பேசினார்கள். உன் தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று அடக்கமாகச் சொன்னேன். அந்த அடக்கத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு மாலை போட்ட கதை அது. ஒன்று மட்டும் நம்பு. குற்ற உணர்ச்சிக்காக மட்டும் நான் உன் அம்மாவைக் கட்டவில்லை. அந்தப் பையன் எழுதிய வரிகளிலேயே அவள் எனக்குப் பிடித்துப்போயிருந்தாள். பேசும்போது வாயையே பார்த்துக் கேட்கிற ஒருத்தி நம் வீட்டிலும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கல்யாணத்தன்று மச்சான் முறைக்குக் கலியன்தான் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினான். குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அக்காகிட்ட நான் சொல்லல சார். நீங்க பயப்படாதீங்க" என்றான். அவனுக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை.

இன்றுவரை அவன் சொல்லவில்லை. பண்டசோழநல்லூரில் பெண்ணெடுத்து அங்கேயே நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நல்ல விவசாயி, நல்ல அப்பன். ஆனால் பேனாவைத் தொடமாட்டான். கையெழுத்துப் போடுவதோடு சரி. பிள்ளையின் பள்ளிக்கு லீவு லெட்டர் வேண்டுமென்றால்கூட அடுத்த வீட்டுக்காரனிடம் ஓடுவான். 'எழுத்து நமக்கு ஆவாதுப்பா' என்பான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களிலேயே கண் உள்ள பிள்ளை அவன்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் வரும்போது நீங்கள் எல்லாரும் என்ன செய்கிறீர்கள்? "மாமா வர்றாரு, வாய மூடுங்க, வர்ணிச்சிடப் போறாரு!" என்று சிரிக்கிறீர்கள். அவனும் தூக்கலான பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, கரும்பைக் கடித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுகிறான். நான் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேலியை உங்களுக்குச் சொத்தாக விட்டுவைத்தவன் நான்தான்.

ஒரே ஒரு முறை உன் அம்மாவிடம் சொன்னேன். சொன்னேன் என்று சொல்லிக்கொள்கிறேன். கொடி மாறிச் சில வருஷம் கழித்துப் பிரெஞ்சுக்காரன் ஊரை முழுசாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தானே, அந்த வருஷம் வில்லியனூர்த் தேருக்குப் போயிருந்தோம். நீ என் தோளில் இருந்தாய். அவளோடு நடக்கும்போது நான் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் நடப்பேன், கல்யாணமான நாளிலிருந்து அது பழக்கம். அன்று கூட்டம் நெருக்கியதில் இடப்பக்கம் வந்துவிட்டேன். மேளம், வேட்டு, தேர்ச் சக்கரத்தின் சத்தம். திடீரென்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. குனிந்து அவளுடைய இடது காதில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்டது, நான் எழுத வைத்தது, அவன் வேண்டாம் என்றது, நான் பொய் சொன்னது, ஒன்று விடாமல். அவள் தேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிவிட்டதாக நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். இதைவிடக் கேவலமான காரியத்தை ஒரு ஆண்பிள்ளை செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்ட பாடத்துக்கு வருகிறேன். முறையை விட்டுவிடாதே, அது நல்ல முறை. மயிலை ஒழித்துக்கட்டு. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போ, கையில் பொருளைக் கொடு, பெயர் சொல்லாமல் எழுதச் சொல். மரத்தை எழுதட்டும், கடைத்தெருவை எழுதட்டும், உன் மூக்கை எழுதட்டும், அதற்கு நிறைய இடமிருக்கிறது. வீட்டு மனிதர்களை எழுதினால் அதை நீ மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடு. எழுதப்பட்டவரைக் கேட்காமல் மேடையில் ஏற்றாதே. உற்றுப் பார்க்கக் கற்ற பிள்ளைக்குத் தான் என்ன பார்த்தோம் என்று தெரியாது, உனக்குத் தெரியும். அந்த இடத்தில் காவலுக்கு நிற்பதுதான் உனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை, பிழை திருத்துவது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு பிள்ளை 'வேணாம் சார்' என்றால் காரணம் கேட்காதே. நிறுத்திவிடு. பசுவை எழுதட்டும். பசுவும் நல்ல பிராணிதான்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டுத்தான் இந்தக் கடைசிப் பகுதியை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த பிறகு அவளுக்குத் தெரியாமல் இருந்தால் அது இன்னொரு திருட்டு என்று பட்டது. காலையில் அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. கைதட்டிய இடம் வந்தபோது மட்டும் கை நின்றது, பிறகு மறுபடி உருவ ஆரம்பித்தது. தேர்த் திருவிழா வந்ததும் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க இன்னாவோ முணுமுணுன்னு சொன்னீங்க. காதுல வுழல. ஆனா உங்க மூஞ்சியப் பாத்தேன். பெரிய தப்பு பண்ணிட்ட மூஞ்சி. என்னிக்காவது இந்தாண்ட வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்." இவ்வளவு காலமும் காத்திருந்திருக்கிறாள். "என்னை மன்னிச்சிடு அஞ்சலை" என்றேன். இந்த வயசில் குழந்தைபோல் அழுதேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"எனக்காவது ஒரு காது செவுடு. என் தம்பிக்கு எந்தக் காது செவுடு? அவன்கிட்ட ஏன் இன்னும் சொல்லல?"

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன், தம்பி. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. பண்டசோழநல்லூர் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். கடிதத்தைப் போகிற வழியில் பெட்டியில் போடுகிறேன். உன் அம்மா எனக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள், எந்தப் பக்கம் வருகிறேன் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் அப்பா